சாப்பாட்டு மேசையில் அயர்லாந்து

பெரியவளுக்குப் பொறாமை வந்தது ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கால்தான்.

அன்றைக்கு வேலை முடிந்து படியேறி வந்து கதவைத் திறந்தால், தங்கை சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து ஒரு வெங்காயத்தைக்கூட உரித்து அறியாதவள். குடித்த டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனால் அது தானாக நடந்துபோய்க் குளித்துவிட்டு அலமாரி ஏறிவிடும் என்று நம்பி வளர்ந்தவள். அப்படிப்பட்டவள் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி சீவிக்கொண்டிருந்தாள். எதிரே மடிக்கணினி. அதன் திரையில் இன்னொரு சமையலறை. அங்கேயும் ஒரு பெண்மணி, வெள்ளை முடியை ஒட்ட வெட்டியவர், உருளைக்கிழங்குதான் சீவிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அக்கா, சத்தம் போடாம வா. நாங்க சேர்ந்திருக்கோம்" என்று சின்னவள் கிசுகிசுத்தாள்.

"யாரோட?"

"அயர்லாந்தோட."

பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கள்ளன் போலச் சுவரோரமாக நடந்து உள்ளறைக்குப் போனாள். தன் வீட்டுக்குள் தானே ஒளிந்து நடப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு அது. அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. நாள் முழுக்கக் கண்ணாடியில் இருக்கும் ஒரு ஓட்டை வழியாக ஊரோடு பேசிப் பேசி, வீட்டிலும் பக்கத்தில் நிற்பவரிடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். அப்பா இறந்துபோன வருஷமே பெரியவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டிரை கிளீனிங் கடையில் சேர்ந்தாள். முதலில் துணிகளுக்கு அடையாளச் சீட்டுக் குத்தினாள். இப்போது ஸ்டீம் பிரஸ் அவள் கையில். கோட்டு, கால்சட்டை, ஹோட்டல் சிப்பந்திகளின் சீருடை, எதுவானாலும் அவள் கை பட்டுத்தான் ஹேங்கரில் ஏறும்.

அவள் பேசமாட்டாள். கூச்சம் என்பார்கள் சிலர், கர்வம் என்பார்கள் சிலர். கடையில் கறை எடுக்கும் மூத்த ஆள் ஒருவர் இருந்தார். அவரை எல்லாரும் கறை அண்ணன் என்றார்கள், அவர் இவளுக்குப் பேசாமடந்தை என்று பேர் வைத்தார். "வாயத் திறந்தா காத்து உள்ள போயிடும்னு பயமா தாயே?" என்பார். அதற்கும் ஒரு சிரிப்புதான் பதில்.

ஆனால் பார்ப்பாள். கேட்பாள். அவளுடைய நாளில் ஆசைப்பட்டுக் காத்திருக்கிற ஒரே நேரம் சாயங்காலம் ஆறு மணி. அவள் வந்ததும் சின்னவள் தேநீரோடு எதிரே உட்கார்ந்து, அன்றைக்குக் கல்லூரியில் நடந்ததை ஒன்று விடாமல் கொட்டுவாள். எந்தப் பேராசிரியர் தூங்கினார், எந்த ராணி யாருக்கு விஷம் வைத்தாள், எவள் எவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் எல்லாம் வரும். நடுவில் "கடையில என்னக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். "ஒண்ணுமில்ல, நீ சொல்லு" என்பாள் பெரியவள். இப்படித்தான் அவள் காதாலேயே கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஆறு மணியில்தான் இப்போது அயர்லாந்து வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

சரித்திரம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு பாடமாம். விமானம் ஏறாமல், வீட்டிலிருந்தபடியே ஒரு பருவம் முழுக்க அயர்லாந்தில் படிப்பது. அந்த ஊர் ஆசிரியர்கள் திரையில் வந்து பாடம் எடுப்பார்கள். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு இடிந்த கோட்டைக்குள் நடந்து காட்டுவார்கள். நிஜமாகப் போனால் ஒரு வீட்டில் தங்கவேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே ஒரு வீட்டையும் பிடித்துக்கொடுத்திருந்தார்கள். பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு இரண்டு பக்கமும் கேமராவைத் திறந்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கவேண்டும். ஒரே வீட்டில் இருப்பவர்கள் எப்போதும் பேசிக்கொண்டா இருக்கிறார்கள், அதனால்தான் அந்த ஏற்பாடு என்றாள் சின்னவள்.

சின்னவளுக்குக் கிடைத்தவர் கடலோரத்தில் தனியாக இருக்கும் ஒரு அம்மாள். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தபால்காரர். முதலில் மலைப்பாதையில் சைக்கிள் மிதித்தும் பிறகு பச்சை வண்டி ஓட்டியும் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவராம். அதனால் இந்த வீட்டில் அவர் பேர் தபால்காரம்மா.

"விமானம் ஏறாம வெளிநாடு போயிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுறா. இதைவிட நல்ல வெளிநாடு எங்க கிடைக்கும்?" என்று அம்மாவுக்குப் பூரிப்பு.

பெரியவளுக்குத்தான் ஒவ்வொரு நாளும் ஒரு முள் ஏறியது. வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆரம்பித்தது தினமும் ஆனது. காலையில் பல் தேய்க்கும்போதே "தபால்காரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று தொடங்கிவிடுவாள். தபால்காரம்மா சோடா மாவு போட்டு ரொட்டி சுட்டால் இங்கேயும் அடுப்பு எரியும். தபால்காரம்மா ஜன்னல் துடைத்தால் இங்கேயும் ஜன்னல் பளபளக்கும். அக்கா பல வருஷம் சொல்லியும் நடக்காத வேலையெல்லாம் அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லாமலேயே நடந்தது.

ஒரு நாள் சின்னவள் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவள் பதறிப்போய், "என்னடி, யாரு என்ன சொன்னாங்க?" என்றாள்.

"பஞ்சம்க்கா. உருளைக்கிழங்கெல்லாம் அழுகிப்போச்சு. கூலி குடுக்கறதுக்காகன்னு, பசியில கிடந்தவங்கள விட்டு ரோடு போட வெச்சிருக்காங்க. அந்த ரோடு எங்கயும் போகல. மலையில பாதியில நிக்குது. இப்பவும் இருக்கு. தபால்காரம்மா காட்டினாங்க." மூக்கை உறிஞ்சினாள்.

பெரியவளுக்கும் கேட்கத் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் துக்கத்துக்கு முந்திக்கொண்டு வேறொன்று வாய்க்கு வந்துவிட்டது. "நூத்தி எழுபது வருஷத்துக்கு முந்தி பசிச்சவங்களுக்கு அழற. அக்கா சாப்ட்டாளான்னு கேக்க ஆளில்ல."

சின்னவள் நிமிர்ந்து, "சாப்டலயாக்கா?" என்றாள்.

"சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பொறாமையிலும் பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு.

ஆனால் பழிவாங்கினாள். அவளுக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான். தங்கையின் துணிகளைத் தேய்ப்பதை நிறுத்தினாள். அம்மாவின் சீருடையை மடிப்புக் கலையாமல் தேய்த்து மாட்டுவாள், தன்னுடையதைத் தேய்ப்பாள், சின்னவளுடையதைக் கொடியிலிருந்து எடுத்தபடியே சுருட்டி வைத்துவிடுவாள். அவள் என்னக்கா என்று கேட்கவேண்டும், கேட்டதும் ஒன்றுமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும் என்று திட்டம். ஒரு வாரம் போயிற்று. சின்னவள் கசங்கிய சட்டையிலேயே கல்லூரிக்குப் போய்க் கசங்கிய சட்டையிலேயே வந்தாள். கவனிக்கவே இல்லை. கவனித்தவள் அம்மாதான். "இஸ்திரிக்காரி வீட்டுப் பொண்ணு குப்பைத் தொட்டியில இருந்து எடுத்த காகிதம் மாதிரி போகுது. கௌன்டர்ல ரெண்டு பேர் கேட்டுட்டாங்க!"

"அயர்லாந்துல அப்படித்தான் போடுவாங்களாம்" என்றாள் பெரியவள். அம்மா நம்பிவிட்டாள்.

பருவம் பாதி தாண்டியபோதுதான் அந்தப் பாடம் வந்தது. பெரியவள் உள்ளறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகளை எல்லாம், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னார்களாம். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் நோய் தீரும், புயலடித்த வருஷம் என்ன ஆயிற்று, பேயை யார் பார்த்தது என்று பிள்ளைகள் கேட்டுக் கேட்டு எழுதியது மலைபோல் குவிந்து, இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறதாம். அதே மாதிரி நீங்களும் உங்கள் வீட்டில் உங்களைவிட மூத்த ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள், கடைசி வகுப்பன்று எல்லாக் குடும்பங்களுக்கும் போட்டுக் காட்டுவோம் என்றார் ஆசிரியை.

வீட்டில் மூத்தவர் என்றால் இரண்டே பேர். அம்மாவைப் பதிவு செய்தால் கருவி உடைந்துபோகும். அப்படியானால் மிச்சம் யார்?

பெரியவளுக்கு வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. என்னிடம் என்ன இருக்கிறது சொல்ல? அடுத்த நாள் பிரஸ்ஸின் மேல் பலகையை இழுத்து மூடி, ஆவி புஸ்ஸென்று முகத்தில் அடித்தபோது, சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் இரண்டு. வாரக் கடைசியில் கோட்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே உதடு அசைய ஆரம்பித்துவிட்டது.

"என்ன தாயே, கோட்டுக்கு மந்திரம் போடுறியா?" என்றார் கறை அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணா."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நீளமா வாயசைக்கிற?"

தினமும், தன்னிடம் இருப்பதிலேயே நல்லதான நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், எந்த நாள் கேட்பாளோ என்று. ஒரு நாள் அவள் நுழைந்ததுமே சின்னவள், "அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

பெரியவள் முடியை ஒதுக்கிக்கொண்டாள். "கேளு."

"நாளன்னைக்கு அந்த துணிக்கொடிய மட்டும் கொஞ்சம் அவிழ்த்துடறியா? வெளிச்சத்த மறைக்குது. தபால்காரம்மாவத்தான் ரெக்கார்ட் பண்ணப் போறேன். தங்குற வீட்டு ஆளும் வீட்டு ஆள்தானாம். மிஸ்கிட்ட கேட்டுட்டேன்."

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. கொடியை அப்போதே அவிழ்த்தாள், நாளன்றைக்கு வரை காத்திருக்கவில்லை. ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனவள், அவற்றை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள். மடி நனைந்த பிறகுதான் தெரிந்தது. சண்டை போடக்கூட வழியில்லை. என்னை ஏன் கேட்கவில்லை என்று கேட்டால், கேட்கவேண்டும் என்று காத்திருந்தது வெளியே தெரிந்துவிடும். அதைவிட வாயில் தையல் போட்டுக்கொள்ளலாம்.

அந்த நாளன்று பெரியவளுக்கு அரை நாள் விடுப்பு. வீட்டில் தனியாக இருந்தபோது போன் அடித்தது.

"அக்கா, பஸ் பாலத்துல நிக்குதுக்கா, டயர் போச்சு! அவங்க இப்ப லைன்ல வந்துடுவாங்க. கம்ப்யூட்டரத் திற. சிவப்புப் பொத்தான் இருக்கும், அத அழுத்தி வெச்சுடு, ரெக்கார்ட் ஆகட்டும். கீழ எழுத்து ஓடும், அவங்க பேசறது நம்ம மொழியில வரும், நீ பேசறது அவங்களுக்குப் போகும். வந்துட்டே இருக்கேன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேச வேணாம்."

வேற ஒண்ணும் பேச வேணாம். அந்த வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது.

பொத்தானை அழுத்தினாள். திரை விழித்தது. அந்தச் சமையலறை, அந்த ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறக் கடல். நடுவில் தபால்காரம்மா. இத்தனை நாளும் சுவரோரமாகவே கண்ட முகத்தை இன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தாள். நேரில் பார்த்து நன்றாக வெறுத்துவிட்டு வரலாம் என்றுதான் உட்கார்ந்தாள்.

அந்த அம்மாள் உதட்டுச் சாயம் பூசியிருந்தார். முடியை ஈரம் தொட்டு வாரியிருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மணி. முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மேசைமேல் கோத்து வைத்து, போட்டோ எடுக்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரியவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இவரும் தினம் தினம் உதட்டை அசைத்துப் பார்த்திருக்கிறார். வித்தியாசம் ஒன்றுதான், இவரைக் கேட்டுவிட்டார்கள்.

அந்த முகம் மலர்ந்து எதையோ சொன்னது. கீழே எழுத்து ஓடியது: "வணக்கம், வளர்ப்புப் பிராணியே. நீ மூத்த சகோதரியா?"

பெரியவள் திடுக்கிட்டாள். அந்த ஊரில் 'பெட்' என்று செல்லமாகக் கூப்பிடுவதை மெஷின் இப்படிப் பெயர்க்கும் என்று தங்கை சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்து, தன்னை மீறிச் சிரித்துவிட்டாள். "ஆமா. தங்கச்சி வந்துட்டே இருக்கா."

"அவசரமில்லை. இன்று வேலை இல்லையா உனக்கு? துணிகளுக்கு ஆவி பிடிக்கும் வேலை என்றாள். எப்படி இருக்கும் அது?"

ஒண்ணுமில்ல என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் பெரியவளுக்குள் ஒரு கெட்ட எண்ணம் முளைத்தது. என் தங்கையை நீ எடுத்துக்கொண்டாய். அவளுக்குக் கிடைத்த உன்னை நான் எடுத்துக்கொண்டால் என்ன?

"வாடகைக் கோட்டு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற கோட்டு. பல வருஷமாக ஒரே கோட்டுதான் கடைக்கு வந்துகொண்டிருக்கிறது. எத்தனையோ மாப்பிள்ளைகள் அதைப் போட்டுவிட்டார்கள். ஒருவனுக்காகப் பிரித்து விடுவார்கள், அடுத்தவனுக்காகப் பிடித்துத் தைப்பார்கள். ஆள் மாறினாலும் இடது தோளில் பவுடர் கறை மட்டும் மாறாது. மாப்பிள்ளையைப் பெற்றவள் சாய்ந்து அழுகிற இடம் அது. ஒரே ஒரு தடவை அந்தத் தோள் சுத்தமாக வந்தது. அவள் அன்றைக்கு அந்த இடத்தை இரண்டு தடவை தேய்த்தாள். தேய்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் தேய்த்தாள். "அந்தப் பையனுக்கு அம்மா இல்லபோல" என்றாள்.

எழுத்து ஓடி முடிக்கும்வரை அந்த அம்மாள் அசையவில்லை. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னும்" என்று மட்டும் வந்தது திரையில்.

பெரியவள் சொன்னாள். ஹோட்டல் சிப்பந்திகளின் பைகளில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைச் சொன்னாள். புருஷன் பெண்டாட்டி துணி ஒரே பையில் வந்துகொண்டிருந்துவிட்டுத் திடீரென்று இரண்டு பையாக வந்தால், கறை அண்ணன் ஒரு பெருமூச்சு விடுவதைச் சொன்னாள். குளிர் நாளில் முதல் கோட்டின் ஆவி முகத்தில் படும்போது, இந்த ஊரிலேயே தனக்குத்தான் நல்ல வேலை என்று தோன்றுவதைச் சொன்னாள். தபால்காரம்மாவும் விடவில்லை. அவர் போகிற பாதையில் தபாலே வராத ஒரு வீடு இருந்ததாம். அங்கே தனியாக இருந்த கிழவர் ஜன்னலில் காத்து நிற்பாராம். அதனால் இவர் விளம்பரக் காகிதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வாரம் ஒன்றாகக் கொண்டுபோய்க் கதவைத் தட்டிக் கொடுப்பாராம். "அவருக்கும் தெரியும் அது குப்பை என்று. படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லுவார்."

பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினால் கதவில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள், தோளில் பையோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

தபால்காரம்மாவோ கடிகாரத்தைப் பார்த்துப் பதறி எழுந்தார். பாட்டுக் குழுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டதாம். நாளைக்கு விடிந்ததும் படகேறித் தீவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாராம், அங்கே இணைப்பே கிடைக்காதாம். "ஆனால் இன்று எனக்கு நல்ல பொழுது, பிராணிகளே!" என்று கையசைத்துவிட்டு மறைந்தார்.

சின்னவள் பையைக் கீழே போட்டாள். "நாளைக்கு மதியத்துக்குள்ள அனுப்பணும்."

"எனக்கெப்படித் தெரியும், அவங்க கேட்டாங்க..."

"இருபது வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். அந்தக் கோட்டுக் கதைய என்கிட்ட ஒரு நாளாவது சொல்லிருக்கியா?"

"நீ கேட்டியா?"

"தினம் கேட்டேனே! கடையில என்னக்கான்னு கேட்டா ஒண்ணுமில்லம்ப! யாரோ ஒரு அம்மா, பேசி அஞ்சு நிமிஷம் ஆகல, மொத்தத்தையும் கொட்டிட்ட!"

அது உண்மைதான். அதனாலேயே பெரியவளுக்குக் கோபம் வந்தது. "நீ மட்டும் என்ன? என் ஆறு மணிய யாருக்கு எடுத்துக் குடுத்த?"

"அது பாடம்!"

"பாடத்துக்கு ஜன்னல் துடைக்கணுமா?"

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து நின்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏண்டி, கண்காணாத ஊர்ல இருக்கற ஒரு அம்மாவுக்காகவா ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்க? பெத்தவ ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், என்னைப் பங்கு போட ஒரு நாதியில்ல!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் அடக்கிக்கொண்டார்கள்.

"இதையே அனுப்பிடறேன். நல்லாத்தான் இருக்கு" என்று சின்னவள் திரையைத் தொட்டாள்.

"கூடாது." பெரியவளின் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "அது அவங்ககிட்ட சொன்னது. நீ கேட்டு நான் சொன்னதில்ல. அதுல உன் குரலே இல்ல."

சின்னவள் சாப்பிடாமல் போய்ப் படுத்தாள். பெரியவள் சாப்பிட்டாள். ஆனால் ருசி தெரியவில்லை.

மறுநாள் காலை பிரஸ் சூடேறிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் யாரோ தயங்கி நிற்பது தெரிந்தது. சின்னவள். இத்தனை வருஷத்தில் அவள் இந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தெருமுனையில் நின்று அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

"இதுதான் காலேஜா?" என்று கறை அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இப்படிக் கசங்கி வந்து நின்னா எங்க கடை மானம் என்னத்துக்கு ஆகும்மா? வாசல்ல நிக்காத, வாடிக்கை பயந்து ஓடிடும். உள்ள வா."

சின்னவள் உள்ளே வந்தாள். தலைக்கு மேல் வரிசையாகத் தொங்கும் கோட்டுகளை அண்ணாந்து பார்த்தாள். ஆவியில் கண் சுருங்கியது. ஒரு ஸ்டூலை இழுத்து அக்காவின் எதிரே போட்டு உட்கார்ந்து, போனில் பதிவைத் தொடங்கி, துணிகள் வைக்கும் பலகையில் அதைச் சாய்த்து வைத்தாள்.

"கேக்கறேன். சொல்லு. நேத்து அவங்ககிட்ட சொன்னது வேணாம். புதுசா."

"ஹோட்டல் சட்டைப் பையில..."

"அது சொல்லிட்ட. கதவுல நின்னு கேட்டேன்."

"கறை அண்ணன் ஒரு தடவை போலீஸ்காரர் தொப்பியில..."

"அத அவங்ககிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்ததும் பெரியவளுக்குக் குறும்பு வந்துவிட்டது. "சொன்னேன், நீ வர்றதுக்கு முந்தி."

"அப்போ வேணாம்."

"காலர்ல மை கொட்டினவரு..."

"அதுவும் சொல்லிட்டியா?"

"அதுவும்."

சின்னவளின் மூக்கு நுனி சிவந்தது. "எல்லாத்தையும் அவங்களுக்கே குடுத்துட்டியா? எனக்குன்னு ஒண்ணுகூட மிச்சம் வைக்கலியா?" ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தாள். "அவங்ககிட்ட சொல்லாதது, அவங்ககிட்ட சொல்லவே முடியாதது, ஏதாவது ஒண்ணு இருக்காதா உன்கிட்ட?"

பெரியவள் கையிலிருந்த கோட்டைக் கீழே வைத்தாள். குறும்பெல்லாம் வடிந்துவிட்டது. அப்படி ஒன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் தங்கை கேட்டுவிட்டாளே.

"நீ அவங்களோட பேசிட்டிருப்ப" என்றாள் மெதுவாக. "உள்ள படுத்துக்கிட்டுக் கேப்பேன். வயிறு எரியும். ஒரு நாள் அவங்களுக்கு இருமல் வந்துச்சு, சீக்கிரம் போயிட்டாங்க. அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த நாளும் இருமட்டும்னு நெனச்சேன். அவங்க ஊர்ல புயல்னு சொல்லி நீ சாப்டாம கிடந்தியே, அன்னைக்குத்தான் நான் நல்லாத் தூங்கினேன். கரன்ட் போகணும், லைன் கெட்டுப்போகணும், அந்தம்மா உன் பேர மறந்துடணும்னு என்னென்னமோ வேண்டிக்கிட்டேன். நீ என்னத்தான் கேப்பன்னு ஒரு வாரம் நீலச் சட்டையப் போட்டுட்டு அலைஞ்சேன். நீ கொடிய அவிழ்க்கச் சொன்ன. இத அவங்ககிட்ட எப்படிடி சொல்ல முடியும்?"

சின்னவள் குறுக்கே பேசாமல் ஒருவர் பேசி முடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பின்னால் கறை அண்ணன் தண்ணீர்க் குழாயைச் சத்தமில்லாமல் மூடியது கேட்டது.

"நேத்து கதவுல நின்னேன் இல்ல" என்றாள் சின்னவள் கடைசியில். "அந்தம்மா உன்னப் பாத்து வாயப் பொத்திக்கிட்டாங்க பாரு, என்கிட்ட ஒரு நாள்கூட அப்படிப் பண்ணினதில்ல. அந்தக் கம்ப்யூட்டரத் தூக்கி ஜன்னல் வழியா போட்டுடலாம்னு இருந்துச்சுக்கா."

"யாரு மேல கோவம், அவங்க மேலயா, என் மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள். "இத அனுப்பட்டுமா? எல்லார் வீட்லயும் போட்டுக் காட்டுவாங்க. அவங்களும் பாப்பாங்க. கீழ எழுத்து ஓடும்."

பெரியவளுக்குக் காது மடல் சுட்டது. எத்தனை வீடு, எத்தனை முகம். உதட்டுச் சாயம் பூசி, முதுகை நிமிர்த்தி, தன்னைப் பற்றி ஏதோ வரப்போகிறது என்று உட்கார்ந்து பார்க்கப்போகும் ஒரு முகமும். வேண்டாம் என்று சொன்னால் சின்னவள் விட்டுவிடுவாள். ஆனால் அப்புறம் இன்னொரு தடவை ஸ்டூல் போட்டு எதிரே வந்து உட்காருவாளா?

"அனுப்பு" என்றாள். பிறகு அவசரமாக, "அந்த இருமல் விஷயத்த மட்டும் வெட்டிடுடி. பாவம், வயசானவங்க."

"முடியாது. அதுதான் நல்லா இருக்கு."

பெரியவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் சின்னவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.